பழைய பிக்கப் வண்டியில் மீண்டும் மீண்டும் தோன்றும் மின்பழுதுகள்: காரணமறியும் முறை

மரக்கறிச் செய்கையில் ஏற்படும் நட்டம் முழுவதும் தோட்டத்திலேயே நேர்வதன்று. ஒரு பகுதி தெருவில் நேர்வதாகும். வெலிமடையிலிருந்து கரற்றும் லீக்சும் ஏற்றிய வண்டியாயினும், யாழ்ப்பாணத்திலிருந்து வெங்காயம் ஏற்றிய வண்டியாயினும், 1999 இல் திறக்கப்பட்ட தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையத்தை உரிய நேரத்தில் அடையாவிடின் அன்றைய விலை கைதவறிவிடும். இலைக்கறிகள் ஒரே பகலில் வாடிவிடும். இவ்வாறு வண்டி நடுவழியில் நிற்பதற்கும், அதிகாலையில் புறப்பட மறுப்பதற்கும் மின்பழுதே பெரும்பாலும் காரணமாயிருத்தலைக் காணலாம்.

கமக்காரர் பலரிடம் உள்ள பிக்கப் வண்டிகள் இருபது, முப்பது ஆண்டுகள் உழைத்தவை. 2020 ஆம் ஆண்டிலே நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 இலேயே மீண்டும் அனுமதிக்கப்பட்டமையால், பழைய வண்டிகளைப் பேணிக்காக்க வேண்டிய தேவை முன்னரிலும் கூடியது. அத்தகைய வண்டியில் ஒரே பழுது மும்முறை தோன்றுமாயின், மாற்றப்பட்ட உறுப்புப் பழுதுக்குக் காரணமன்று என்பதே அதன் பொருள். புதுப் பற்றரி வாங்கிப் பொருத்திய சில கிழமைகளில் அதுவும் வெறுமையாகின், பற்றரியைக் குறை கூறுவதிற் பயனில்லை. அளந்து பார்த்துக் காரணத்தைக் கண்டபின்னரே பணத்தைச் செலவு செய்தல் வேண்டும். அவ்வாறு அளக்கும் முறை இப்பிரசுரத்தில் விளக்கப்படுகின்றது.

மின்சுற்றின் அமைப்பு

வண்டியின் மின்சுற்றை ஒரு குளத்தோடும் அதன் வாய்க்கால்களோடும் ஒப்பிடலாம். பற்றரி குளத்தைப் போன்றது. செப்புக் கம்பிகள் வாய்க்கால்கள். ஆளிகள் துருசுகள். குளத்தின் நீர்மட்டம் எவ்வாறு நீரைத் தள்ளுகின்றதோ, அவ்வாறே மின்னைத் தள்ளும் விசை வோல்ற்றினால் அளக்கப்படும். ஓடும் மின்னின் அளவு அம்பியரினாலும், ஓட்டத்துக்கு ஏற்படும் தடை ஓமினாலும் அளக்கப்படும். பொறி ஓடும்போது ஒல்ரனேற்றர் என்னும் மின்பிறப்பாக்கி, குளத்துக்கு நீர் தரும் ஆறு போலப் பற்றரியை மீண்டும் நிரப்புகின்றது.

ஆயினும் வயலுக்குப் பாய்ந்த நீர் குளத்துக்குத் திரும்புவதில்லை; மின்னோ புறப்பட்ட இடத்துக்குத் திரும்பியே ஆகவேண்டும். பெரும்பாலான வண்டிகளில் அது திரும்பும் வழி இரும்புச் சட்டமும் உடலுமாகும். பற்றரியின் மறைமுனை தடித்த பட்டியொன்றினால் சட்டத்தோடும் பொறியோடும் இணைக்கப்பட்டிருக்கும். இதுவே புவித்தொடுப்பு எனப்படும். பழைய வண்டிகளிலே தோன்றும் விளங்காத பழுதுகளுட் பல, துருவேறிய புவித்தொடுப்பினாலேயே உண்டாகின்றன. 1960 களின் நடுப்பகுதிவரை செய்யப்பட்ட பிரித்தானிய வண்டிகள் பலவற்றில் நேர்முனையே சட்டத்தோடு இணைக்கப்பட்டிருந்தது. அத்தகைய வண்டியைத் தொடுமுன் இதனை நிச்சயித்துக்கொள்ளுதல் அவசியம்.

இங்கே தரப்படும் அளவுகள் 12 வோல்ற்று வண்டிகளுக்கு உரியவை. இரண்டு பற்றரிகள் தொடராக இணைக்கப்பட்ட 24 வோல்ற்று லொறிகளில், பற்றரிக்கும் மின்னேற்றத்துக்கும் உரிய வோல்ற்றளவுகளை இருமடங்காகக் கொள்ளல் வேண்டும்.

வேண்டிய கருவிகள்

வோல்ற்று, அம்பியர், ஓம் ஆகிய மூன்றையும் அளக்கும் சிறிய மின்மானி ஒன்று, 12 வோல்ற்று, 21 உவாற்று பல்பு ஒன்றில் இரண்டு கம்பிகளைப் பற்றவைத்துச் செய்த சோதனை விளக்கு, கம்பித் தூரிகை, அளவான சாவிகள், பற்றரி அமிலத்தின் அடர்த்தியை அளக்கும் நீரமானி, ஒரு கொப்பி. இவற்றுட் கொப்பியை அற்பமாக எண்ணலாகாது. பழுது தோன்றிய நாள், நேரம், மழையா வெயிலா, பொறி சூடாயிருந்ததா, எந்த விளக்குகள் எரிந்தன என்பவற்றைக் குறித்துவரின், நான்கைந்து குறிப்புகளிலேயே காரணம் தென்படுவதுண்டு.

காப்பு விதிகள்

மின்னேற்றப்படும் பற்றரியிலிருந்து ஐதரசன் வாயு வெளிப்படும். சிறு தீப்பொறியும் அதனை வெடிக்கச் செய்யும். ஆகையால் பற்றரிக்கு அருகிற் புகைத்தலும், தீக்குச்சி கொளுத்திப் பார்த்தலும் ஆகா. சட்டத்தோடு சேர்ந்த முனையை முதலிற் கழற்றி, இறுதியிற் பூட்டுதல் வேண்டும். அவ்வாறு செய்தால், மற்ற முனையைத் திருகும்போது சாவி இரும்பிலே பட்டாலும் பொறி பறக்காது. மோதிரம், கைக்கடிகாரச் சங்கிலி என்பவற்றைக் கழற்றி வைத்தல் நன்று. அமிலம் தோலிலோ கண்ணிலோ பட்டால் உடனே நிறைந்த நீரினாற் கழுவி, கண்ணாயின் தாமதியாது வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும். பொறி ஓடும்போது பற்றரியைக் கழற்றிச் சோதிக்கும் வழக்கம் பல இடங்களில் உண்டு. இது ஒல்ரனேற்றரின் இருவாயிகளைக் கெடுத்துவிடும், முற்றாக விலக்கத்தக்கது.

முதலாம் பழுது: அதிகாலையிற் பொறி சுழலாமை

இரவு முழுதும் நின்ற வண்டியின் பற்றரி முனைகளில் வோல்ற்றளவை அளக்க வேண்டும்.

12.6 வோல்ற்று அல்லது அதற்கு மேல்: நிறைந்த மின்னேற்றம்.
12.4 வோல்ற்று: ஏறக்குறைய முக்காற் பங்கு.
12.2 வோல்ற்று: ஏறக்குறைய அரைப்பங்கு.
12.0 வோல்ற்று: ஏறக்குறையக் காற்பங்கு.
11.8 வோல்ற்றும் அதற்குக் கீழும்: வெறுமை.

சற்று முன்னர் ஓடிய வண்டியாயின் முன்விளக்குகளை இரண்டு நிமிடம் எரியவிட்டு அணைத்து, சிறிது நேரம் பொறுத்தபின் அளக்க வேண்டும். அல்லாவிடின் அளவு பொய்யாகக் கூடிக் காட்டும். மூடி கழற்றக்கூடிய பற்றரியாயின், ஆறு அறைகளையும் நீரமானியாற் சோதித்தல் இன்னும் நன்று. நீரோடு ஒப்பிட்ட அடர்த்தி 1.26 முதல் 1.28 வரை இருப்பின் நிறைவு, 1.20 அளவினதாயின் அரைப்பங்கு, 1.12 அளவினதாயின் வெறுமை. ஐந்து அறைகள் ஒத்திருக்க, ஓர் அறை மாத்திரம் 0.05 க்கு மேற் குறைந்திருப்பின் அவ்வறை கெட்டதாகும். அப்பற்றரியை மாற்றுவதன்றி வேறு வழியில்லை.

அடுத்து, ஒருவர் தொடக்கியை இயக்க, மற்றொருவர் பற்றரி முனைகளில் அளக்க வேண்டும். நிறைந்த பற்றரி ஒன்று பொறியைச் சுழற்றும்போது 9.6 வோல்ற்றுக்குக் கீழே இறங்கலாகாது. இறங்கின் பற்றரி தளர்ந்தது, அல்லது தொடக்கி மோட்டார் அளவுக்கு மேல் மின்னை இழுக்கின்றது. இறங்காமலே பொறி மெதுவாகச் சுழலுமாயின், பற்றரி குற்றமற்றது. குற்றம் வழியிலேதான் உண்டு.

இவ்விடத்தில் ஒரு கணக்கைக் கவனித்தல் பயன்தரும். பற்றரி முனையில் வெண்பொடி படிந்து 0.01 ஓம் அளவான தடை ஏற்பட்டுள்ளது எனக் கொள்வோம். இரண்டு முன்விளக்குகளும் சேர்ந்து 9 அம்பியர் அளவே இழுக்கும். ஆகவே அத்தடையில் இழக்கப்படுவது 0.09 வோல்ற்று மாத்திரமே. விளக்குகள் பிரகாசமாக எரியும். டீசற் பொறியின் தொடக்கியோ 200 அம்பியரும் அதற்கு மேலும் இழுக்கக்கூடியது. அப்போது அதே தடையில் 2 வோல்ற்று இழக்கப்படும். தொடக்கி முக்கி நின்றுவிடும். “விளக்கு நன்றாக எரிகின்றது, ஆகையால் தொடுப்புகள் சரி” என்று முடிவு செய்வது எவ்வளவு பிழை என்பது இதனால் விளங்கும்.

இத்தடையை நேரே அளக்கலாம். டீசல் வண்டியில், பம்பிக்கு எரிபொருளை அடைக்கும் மின்வால்வு இருப்பின் அதன் கம்பியைக் கழற்றிப் பொறி பற்றாமற் செய்து, தொடக்கியைச் சில விநாடிகள் மாத்திரம் சுழற்ற வேண்டும். சுழலும்போது பற்றரியின் மறைமுனைக்கும் பொறியின் வெற்றிரும்புக்கும் இடையே 0.3 வோல்ற்றுக்கு மேற் காட்டினால் புவித்தொடுப்புக் குற்றமுடையது. நேர்முனைக்கும் தொடக்கியின் பெருந்திருகாணிக்கும் இடையே 0.5 வோல்ற்றுக்கு மேற் காட்டினால் அந்தக் கம்பியோ அதன் தொடுப்போ குற்றமுடையது. மின்மானியின் ஊசியை முனையைச் சுற்றிய வளையத்தில் வையாது, ஈய முனையிலேயே வைத்தல் வேண்டும். வளையத்துக்கும் முனைக்கும் இடையேதான் பெரும்பாலும் தடை இருக்கும்.

குற்றமுள்ள தொடுப்பைக் கழற்றி, அப்பச்சோடா கரைத்த நீரால் அமிலப் படிவைக் கழுவி, கம்பித் தூரிகையால் பளபளக்கத் தேய்த்து, இறுகப் பூட்டியபின் மேலே கிறீசு பூசுதல் வேண்டும். சோடாநீர் பற்றரி அறைகளுக்குள் விழலாகாது. புவிப்பட்டி சட்டத்தைத் தொடும் இடத்தில் நிறப்பூச்சையும் துருவையும் சுரண்டி, வெற்றிரும்பு தோன்றச் செய்தல் வேண்டும்.

இரண்டாம் பழுது: பற்றரி நிரம்பாமை

பொறி ஓடும்போது, மற்ற மின்பாவனைகளை நிறுத்திப் பற்றரி முனைகளில் அளப்பின் 13.8 முதல் 14.5 வரையான வோல்ற்று காட்டுதல் வேண்டும். முன்விளக்குகளை எரித்துப் பொறியைச் சற்று விரைவாக ஓட்டும்போதும் 13.5 க்குக் கீழே இறங்கலாகாது. 13 க்குக் குறையின் கீழ்வரும் ஒழுங்கிற் சோதிக்கலாம்.

(1) பட்டி: பொறியை நிறுத்தி, இரு சில்லுகளின் நடுவே பெருவிரலால் அழுத்தினால் ஏறக்குறைய 10 முதல் 15 மில்லிமீற்றர் வரை தாழ வேண்டும். மழையிற் கீச்சிடும் பட்டியும், உட்பக்கம் கண்ணாடிபோல் மினுங்கும் பட்டியும் வழுக்குகின்றன.

(2) எச்சரிக்கை விளக்கு: சாவியைத் திருப்பியதும் பற்றரிக் குறியிட்ட சிவப்பு விளக்கு எரிந்து, பொறி பற்றியதும் அணைய வேண்டும். முதலிலேயே எரியாவிடின் அதன் பல்பு கருகியிருக்கலாம். பழைய வண்டிகள் பலவற்றில் ஒல்ரனேற்றர் உற்பத்தியைத் தொடங்குவதற்கு வேண்டிய சிறு மின்னோட்டம் இப்பல்பின் வழியாகவே செல்கின்றது. ஆகவே மலிவான ஒரு பல்பு கருகியதன் காரணமாகப் பற்றரி நிரம்பாதிருத்தல் கூடும்.

(3) தடித்த கம்பி: ஒல்ரனேற்றரின் பெருமுனையில் 14.4 உம் பற்றரியில் 13 உம் காட்டினால், இடையிலுள்ள கம்பியோ உருகியோ குற்றமுடையது.

(4) உள்ளுறுப்புகள்: மேற்கூறியவை யாவும் சரியாயின் காபன் தூரிகைகள் தேய்ந்திருக்கலாம், அல்லது ஒழுங்காக்கி கெட்டிருக்கலாம். மின்மானியை ஆடலோட்ட வோல்ற்றுக்கு மாற்றிப் பற்றரியில் அளக்கும்போது 0.5 க்கு மேற் காட்டினால் இருவாயி ஒன்று கெட்டிருத்தல் கூடும். இவை தேர்ந்த மின்வேலைக்காரரிடம் ஒப்படைக்க வேண்டியவை.

மாறாக 15 வோல்ற்றுக்கு மேற் காட்டின் ஒழுங்காக்கி கெட்டதாகும். பற்றரி நீர் விரைவாகக் குறைதலும், பல்புகள் அடிக்கடி கருகுதலும் இதன் அறிகுறிகள்.

டீசல் பிக்கப் பலவற்றில் ஒல்ரனேற்றரின் பின்புறத்திலேயே பிறேக்குக்கு உதவும் வெற்றிடப் பம்பியும் பொருத்தப்பட்டிருக்கும். அவ்வண்டிகளிற் பட்டி அறுந்தால் மின்னேற்றம் மாத்திரமன்றிப் பிறேக்கின் துணைவிசையும் அற்றுப்போகும். மிதிகட்டை கல்லைப்போல் இறுகிவிடும். பாரமேற்றிய வண்டியோடு மலைத்தெருவில் இறங்குபவருக்கு இது உயிராபத்து. ஆகையால் வெடித்த பட்டியை “இன்னும் ஒரு பயணம்” என்று விட்டுவைத்தலாகாது.

மூன்றாம் பழுது: நின்ற வண்டியில் மின் கசிதல்

பற்றரியும் மின்னேற்றமும் சரியாயிருந்தும், இரண்டு மூன்று நாள் நின்ற வண்டி புறப்பட மறுக்குமாயின், எங்கோ ஒரு துருசு ஒழுகுகின்றது. 5 உவாற்று விளக்கு ஒன்று 0.4 அம்பியருக்குச் சற்று மேல் இழுக்கும். ஒரு நாளில் ஏறக்குறைய 10 அம்பியர்-மணி. 70 அம்பியர்-மணிப் பற்றரி ஒன்றை அது ஏழு நாளில் வெறுமையாக்கும். நான்காம் நாளிலேயே பொறி சுழலாது போகலாம். கையுறைப் பெட்டியினுள் அணையாத விளக்கொன்றும், பின்னர் பொருத்தப்பட்ட வானொலியொன்றும் இதற்குப் போதும்.

சோதிக்கும் முறை: எல்லா ஆளிகளையும் நிறுத்தி, கதவுகளை மூடி, பற்றரியின் மறைமுனையைக் கழற்றி, அம்முனைக்கும் கழற்றிய கம்பிக்கும் இடையே மின்மானியை 10 அம்பியர் நிலையில் வைத்து இணைக்க வேண்டும். இந்நிலையிற் சாவியைத் திருப்பித் தொடக்கியை இயக்கின் மின்மானி எரிந்துவிடும். பழைய வண்டியில் 0.05 அம்பியர் வரை கசிதல் பெரிதன்று. அதற்கு மேலாயின் உருகிகளை ஒவ்வொன்றாகக் கழற்ற வேண்டும். எந்த உருகியைக் கழற்றும்போது அளவு விழுகின்றதோ, அந்தச் சுற்றிலேதான் கசிவு உண்டு. எல்லாவற்றையும் கழற்றியும் விழாவிடின், பற்றரியை முற்றாகக் கழற்றியபின் ஒல்ரனேற்றரின் தடித்த கம்பியை அகற்றி, அதன் நுனி இரும்பிற் படாதவாறு சுற்றிவைத்து மீண்டும் சோதிக்க வேண்டும். அப்போது விழுமாயின் அதன் இருவாயியே கசிகின்றது.

நான்காம் பழுது: உருகி மீண்டும் மீண்டும் எரிதல்

உருகி எரிவது பழுதன்று. பழுதை அறிவிக்கும் காவலனாகும். சிகரற்றுப் பெட்டியின் வெள்ளித்தாளையோ செப்புக் கம்பியையோ வைத்து உருகியைக் கட்டுபவர், காவலனைக் கட்டிப்போட்டுக் கதவைத் திறந்து வைப்பவராவார். அடுத்ததாக உருகுவது கம்பிக்கட்டே. சாக்கும் வைக்கோலும் ஏற்றிய வண்டியில் அது பெருந்தீயாக முடியும். உருகியிற் குறித்த அம்பியர் அளவுக்கு மேற்பட்டதைப் போடுவதும் இதனை ஒத்த குற்றமே.

எரிந்த உருகியை அகற்றி, அதன் இரு பற்றிகளுக்கிடையே 21 உவாற்றுச் சோதனை விளக்கை இணைத்து, அச்சுற்றின் பல்புகளைக் கழற்றிவிட்டு ஆளியை இட வேண்டும். சோதனை விளக்குப் பிரகாசமாக எரியின், கம்பி எங்கோ இரும்பைத் தொடுகின்றது. விளக்கு 2 அம்பியருக்கு மேல் விடாதாகையாற் கம்பிக்கு ஆபத்தில்லை. இனிக் கம்பிக்கட்டை இடத்துக்கிடம் மெதுவாக அசைத்துச் செல்ல, எவ்விடத்தில் அசைக்கும்போது விளக்கு அணைகின்றதோ அவ்விடமே காயம். சட்டத்தின் துளைகளிற் கம்பி நுழையும் இடம், சுக்கானின் அடி, பின்கதவின் பிணைச்சல், புகைக்குழாயின் அண்மை ஆகியவற்றை முதலிற் பார்க்க வேண்டும். வண்டியிற் சிந்திய நெல்லைத் தேடிவரும் எலி, கம்பியின் காவலுறையையும் கடித்துவிடும். ஆகையால் நெல் ஏற்றிய பின்னர் வண்டியைக் கூட்டித் துப்புரவாக்குதல் மின்சுற்றுக்கும் ஒரு காப்பாகும்.

ஐந்தாம் பழுது: பின்விளக்குகளின் குழப்பம்

பிறேக்கை மிதிக்கும்போது திரும்பற் குறிவிளக்கு மங்கலாக எரிதலும், இடப்பக்கக் குறியைப் போடும்போது வாற்சிவப்பு விளக்குத் துடித்தலும் கமக்காரரை மருட்டுவனவாகும். இதற்குக் காரணம் பின்விளக்குக் கூட்டின் புவித்தொடுப்பு அற்றுப்போதலே. தன் வழியால் திரும்ப முடியாத மின், அயல் பல்பின் வழியாகத் திரும்புகின்றது. அடைபட்ட வாய்க்காலின் நீர் அயல் வயலுக்குப் பாய்வதை ஒத்தது இது. கூட்டின் புவிக்கம்பியிலிருந்து சட்டத்துக்குத் தற்காலிகமாக ஒரு கம்பியை இணைத்தவுடன் குழப்பம் தீருமாயின், காரணம் உறுதியாயிற்று.

பசளை மூடைகளை ஏற்றும் வண்டிகளில் இப்பழுது மிகுதி. பொட்டாசுப் பசளையில் உள்ள குளோரைட்டு, ஈரத்தோடு சேர்ந்து இரும்பையும் செம்பையும் அரிக்கும். கடற்கரையை அண்டிய வடமராட்சி, முல்லைத்தீவு, கற்பிட்டி ஆகிய இடங்களில் உப்புக்காற்றும் இவ்வாறே செய்யும். பசளை ஏற்றிய அன்றே வண்டியின் தட்டையும் அடிப்பக்கத்தையும் நன்னீராற் கழுவி உலரவிடல் வேண்டும்.

வந்து மறையும் பழுது

கராச்சுக்குக் கொண்டுசென்றதும் மறைந்து, திரும்பியதும் தோன்றும் பழுதே எல்லாவற்றிலும் அலைக்கழிப்பது. அதனைத் தோற்றுவிக்கும் நிலைமையைச் செயற்கையாக உண்டாக்குதலே வழி. பள்ளத்தெருவில் தோன்றுவதாயின் கம்பிக்கட்டுகளையும் உருகிப் பெட்டியையும் கையால் அசைத்துப் பார்க்கலாம். மழையில் தோன்றுவதாயின் சந்தேகித்த இணைப்பின்மேற் சிறிது நீரைத் தெளித்துப் பார்க்கலாம். சூடேறியபின் தோன்றுவதாயின் முழுச்சூட்டில் அளக்க வேண்டும். இருளில் அரைமணி நேரம் விளக்குகளை எரித்தபின் இணைப்புகளைத் தொட்டுப் பார்ப்பின், தடையுள்ள இணைப்பு மற்றவற்றிலும் சூடாயிருக்கும். முறுக்கி நாடா சுற்றிய பழைய ஒட்டுகளை ஐயத்துடனேயே நோக்க வேண்டும். ஒரு நேரத்தில் ஓர் உறுப்பை மாத்திரமே மாற்றுதல் வேண்டும். மூன்றை ஒருங்கே மாற்றினால், பழுது தீர்ந்தாலும் காரணம் தெரியாது.

போகத்துக்கேற்ற பராமரிப்பு

பெரும்போக அறுவடைக்கும் சிறுபோக அறுவடைக்கும் முன்னராக ஆண்டுக்கு இருமுறை, பற்றரி முனைகள், புவிப்பட்டி, ஒல்ரனேற்றர்ப் பட்டி, மின்னேற்ற வோல்ற்றளவு, விளக்குகள் ஆகிய ஐந்தையும் சோதித்துக் கொப்பியிற் குறித்தல் வேண்டும். மூடியுள்ள பற்றரியில் மாதத்துக்கொருமுறை நீர்மட்டம் பார்த்து, தகடுகள் மூடுமளவுக்குக் காய்ச்சி வடித்த நீரையே ஊற்ற வேண்டும். கிணற்றுநீரும் அமிலமும் ஊற்றலாகா. வவுனியா, அனுராதபுரம் போன்ற வெப்பமான பகுதிகளில் நீர் விரைவிற் குறையுமாகையால் இருகிழமைக்கு ஒருமுறை பார்த்தல் நன்று. போகங்களுக்கிடையே வண்டியை நிறுத்தி வைப்பதாயின் பற்றரியை முழுவதும் நிரப்பி, மறைமுனையைக் கழற்றிவைத்து, மாதமொருமுறை மீண்டும் நிரப்ப வேண்டும். வெறுமையாக நெடுநாள் கிடக்கும் பற்றரியின் தகடுகளில் ஈயச்சல்பேற்று இறுகிப் படிந்துவிடும். அதன்பின் எவ்வளவு மின்னேற்றினும் அது பழைய வலுவைப் பெறாது.

நோயுற்ற பயிரின் வேரைப் பார்க்காமல் மருந்து தெளிப்பது வீண் என்பதைக் கமக்காரர் அறிவர். வண்டிக்கும் அதுவே பொருந்தும். முதலில் அளத்தல், பின்னர் காரணத்தைத் துணிதல், அதன்பின் திருத்துதல், திருத்தியபின் மீண்டும் அளத்தல் என்னும் ஒழுங்கைக் கைக்கொள்வாராயின், வீண்செலவு குறைவதோடு, பாடுபட்டு விளைவித்த பொருளும் உரிய நேரத்திற் சந்தையைச் சேரும்.